ஜி.எச்.-ஆ, பிரைவேட்டா? கோவையில் ஒரு குடும்பம் எடுக்கும் முடிவுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

"கடன் வாங்கினாலும் பரவால்லீங்க, பிரைவேட்லயே சேர்த்துடலாம்." கொங்கு மண்டலத்தில் வீட்டில் ஒருவர் மயங்கி விழுந்தால் அடுத்த ஐந்து நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். சொல்பவர் வசதியானவராக இருக்க வேண்டும் என்று இல்லை. சோமனூரில் கூலிக்குத் தறி ஓட்டுபவரும் சொல்வார், கணபதியில் நான்கு லேத் வைத்திருப்பவரும் சொல்வார். ஜி.எச்.-க்குக் கூட்டிப்போனால் "அப்பாவை அங்கயா போட்டாங்க?" என்று நாளைக்குச் சொந்தக்காரர்கள் கேட்பார்களே என்ற பயம் அதில் பாதி. மீதிப் பாதி, உண்மையான பயம்.

ஆனால் இந்த முடிவுக்கு ஒரு விலை இருக்கிறது. அது எவ்வளவு என்று பெரும்பாலான குடும்பங்களுக்கு டிஸ்சார்ஜ் அன்றுதான் தெரியவருகிறது.

தேசிய மாதிரி ஆய்வு அலுவலகம் 2017-18-ல் நடத்திய 75-வது சுற்று ஆய்வு இதைக் கணக்குப் போட்டுச் சொன்னது. பிரசவம் நீங்கலாக, ஒருமுறை மருத்துவமனையில் படுத்து எழுந்தால் ஆகும் சராசரி மருத்துவச் செலவு அரசு மருத்துவமனையில் 4,452 ரூபாய். தனியாரில் 31,845 ரூபாய். ஏழு மடங்கு. நகர்ப்புறத் தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் 38,822 ரூபாய். இது இந்திய சராசரி, அதுவும் கொரோனாவுக்கு முந்தைய விலைவாசி. பைபாஸ் சர்ஜரியும் சாதாரணக் காய்ச்சலும் சேர்ந்த கணக்கு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அரசு மருத்துவமனை இலவசம்தானே, 4,452 ரூபாய் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். ஸ்டாக் இல்லாத மருந்தை வெளியே வாங்குவது, வெளியே எடுக்கச் சொல்லும் டெஸ்ட் எல்லாம் சேர்ந்தது அது. ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் பஸ் காசு, கூட இருப்பவரின் சாப்பாடு, அவருடைய போன சம்பளம் எல்லாம் இதற்கு மேலே. ஸ்ட்ரெச்சர் தள்ளுவதற்கும், பிறந்தது ஆணா பெண்ணா என்று சொல்வதற்கும் கை நீட்டப்படுகிறது என்ற பழைய புகாரும் அரசு மருத்துவமனைகளைப் பற்றி இன்னும் ஓயவில்லை.

மில்லில் இருந்து வந்த மருத்துவமனைகள்

கோவையில் இந்த விவாதம் மற்ற ஊர்களைப் போல இல்லை. அதற்குக் காரணம் ஊரின் வரலாறு. இங்கே தனியார் மருத்துவம் என்பது சமீபத்தில் வந்த கார்ப்பரேட் சங்கதி அல்ல. லட்சுமி மில்ஸைத் தொடங்கிய ஜி.குப்புசாமி நாயுடுவின் பெயரில் பாப்பநாயக்கன்பாளையத்தில் ஜி.கே.என்.எம். மருத்துவமனை 1952-ல் வந்தது. பி.எஸ்.ஜி. அறக்கட்டளையின் வயது இன்னும் அதிகம், 1926. அதன் மருத்துவக் கல்லூரி 1985-ல் பீளமேட்டில் தொடங்கியது. பஞ்சாலையில் வந்த லாபத்தின் ஒரு பங்கு பள்ளியாகவும் கல்லூரியாகவும் மருத்துவமனையாகவும் மாறியது என்பதுதான் இந்த ஊரின் கதை.

அடுத்த தலைமுறை வேறு மாதிரி. 1978-ல் சிறிய அளவில் தொடங்கிய கங்கா மருத்துவமனை இன்று எலும்பு முறிவு, பிளாஸ்டிக் சர்ஜரிக்கு வெளிநாட்டு டாக்டர்கள் பயிற்சிக்கு வரும் இடம். 1990-ல் அவிநாசி ரோட்டில் வந்த கே.எம்.சி.எச். பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம். அதாவது அறக்கட்டளை, டாக்டர் குடும்பம், பங்குதாரர்கள் என்று மூன்று வகை 'பிரைவேட்' ஒரே ஊரில் இருக்கிறது. பில் வாங்குபவருக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிவதில்லை என்பது வேறு விஷயம்.

இன்னொரு பக்கம் திருச்சி ரோட்டில் இருக்கும் கோவை அரசு மருத்துவமனை. கோவை மருத்துவக் கல்லூரி 1966-ல் தொடங்கப்பட்டபின் அது அந்தக் கல்லூரியின் மருத்துவமனையானது. திருப்பூர், நீலகிரி, ஈரோடு மாவட்டங்களில் இருந்தும், எல்லை தாண்டி அட்டப்பாடி, பாலக்காட்டில் இருந்தும் நோயாளிகள் இங்கே வந்து சேர்கிறார்கள். 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் திருப்பூர், நீலகிரி, நாமக்கல் மூன்றும் உண்டு. ஈரோட்டுக்குப் பெருந்துறை இருக்கிறது. பழைய ஆட்கள் 'சானடோரியம்' என்று சொல்லும் அந்தக் காசநோய் மருத்துவமனை வளாகம், போக்குவரத்துக் கழகத்தின் கல்லூரியாக இருந்து, பிறகு சுகாதாரத்துறையின் கைக்கு வந்தது. இன்று மேற்கு மாவட்டங்களில் அரசு மருத்துவக் கல்லூரி இல்லாத திசை இல்லை.

ஆக, ரெண்டு பக்கமும் பலமாக இருக்கும் ஊர் இது. இருந்தும் ஏன் இந்த பயம்?

யாருக்கு எதில் லாபம்?

டாக்டர்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்று பேசுவதில் பிரயோஜனம் இல்லை. பல இடங்களில் காலையில் அரசு மருத்துவமனையில் பார்ப்பவரும் மாலையில் தனி கிளினிக்கில் பார்ப்பவரும் ஒரே டாக்டர்தான். பணி நேரத்துக்கு வெளியே தனியாக பிராக்டிஸ் செய்ய தமிழ்நாடு அரசு டாக்டர்களுக்கு அனுமதி உண்டு. ஆள் அதே ஆள்தான். மாறுவது, அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் பணக்கணக்கு.

அரசு மருத்துவமனைக்கு நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் டாக்டரின் சம்பளம் ஒன்றுதான். அதனால் தேவையில்லாத ஸ்கேனை எழுதித்தர அவருக்குக் காரணம் இல்லை. அதே காரணத்தால், உங்களைச் சீக்கிரம் பார்க்க வேண்டும் என்ற அவசரமும் இல்லை. தனியாரில் எல்லாம் தலைகீழ். நீங்கள் வந்தால்தான் வருமானம், அதனால் ஏ.சி. போட்ட வரவேற்பறை, "சார், உட்காருங்க". ஒரு டெஸ்ட் கூடினால் வருமானம் கூடும், அதனால் "எதுக்கும் ஒரு எக்கோ எடுத்துப் பாத்துடலாமே".

இது வெறும் ஊகம் அல்ல என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே தெளிவான சாட்சி இருக்கிறது: சிசேரியன்.

2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வு சொல்வது இது. தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் 44.9 சதவீதம் அறுவை சிகிச்சை. இந்திய சராசரி 21.5 சதவீதம். தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் 63.8 சதவீதம், அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம். முந்தைய 2015-16 ஆய்வில் தனியாரின் அளவு 51.3 சதவீதமாக இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 1985-ல் சொன்ன 10 முதல் 15 சதவீதம் என்ற அளவு இன்றைக்குக் கொஞ்சம் கறாரானது என்று வாதிடலாம். ஆனால் மூன்றில் இரண்டு பங்குத் தாய்மார்களுக்கு வயிற்றைக் கிழிக்க வேண்டியிருக்கிறது என்றால் அதை மருத்துவக் காரணத்தால் மட்டும் விளக்க முடியாது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. சிக்கலான கர்ப்பங்கள் கடைசியில் எங்கே அனுப்பப்படுகின்றன? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு. ரத்த அழுத்தம் ஏறி, வலிப்பு வந்து, மலைக் கிராமத்தில் இருந்து 108-ல் இறங்கும் பெண்ணை அவர்கள்தான் பார்க்கிறார்கள். அந்தக் கணக்குப்படி அரசில்தான் சிசேரியன் கூடுதலாக இருக்க வேண்டும். இருப்பது நேர்மாறாக.

தனியார் மேல் மட்டும் பழி போட்டுவிடவும் முடியாது. ஜோசியரிடம் நாள், நட்சத்திரம் குறித்து வாங்கிக்கொண்டு வந்து "காலைல ஆறேகாலுக்குள்ள எடுத்துடுங்க டாக்டர்" என்று கேட்கும் குடும்பங்கள் இங்கே குறைவில்லை. வலிக்கு பயந்து பெண்களே கேட்பதும் உண்டு, ஏதாவது ஆகிவிட்டால் கேஸ் வருமே என்று டாக்டர் பயப்படுவதும் உண்டு. அரசு மருத்துவமனையின் 36 சதவீதமும் சின்ன எண் அல்ல. ஆனால் ரெண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த 28 புள்ளி இடைவெளியில் பணத்துக்குப் பங்கே இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

ஜி.எச்.-ன் குறை எங்கே?

அரசு மருத்துவமனையின் தோல்வி வேறு வகை. அங்கே அதிகமாகச் செய்துவிடுவார்கள் என்ற பயம் இல்லை. போதுமான நேரம் கிடைக்காது என்பதுதான் பயம். ஓ.பி. வரிசையில் ரெண்டு மணி நேரம் நின்று, டாக்டர் முன்னால் ரெண்டு நிமிடம். ரத்தப் பரிசோதனைக்கு இன்னொரு வரிசை, ரிசல்ட்டுக்கு மறுநாள். தினக்கூலிக்காரருக்கு இரண்டு நாள் போனால் இரண்டு நாள் சம்பளம் போச்சு. பக்கத்துத் தெரு கிளினிக்கில் 300 ரூபாய் கொடுத்தால் சாயங்காலம் ஏழு மணிக்கு வேலை முடிந்து போய்ப் பார்த்துவிடலாம். அவருடைய கணக்குப்படி பிரைவேட்தான் சீப். 'இலவசம்' என்று அரசு சொல்லும்போது நோயாளியின் நேரத்துக்கு அது விலை போடுவதில்லை.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஜி.எச். யாரையும் திருப்பி அனுப்ப முடியாது. பாம்புக்கடி, விஷம் குடித்தவர், அடையாளம் தெரியாமல் ரோட்டில் கிடந்தவர், தனியாரில் பணம் தீர்ந்த பிறகு வெண்டிலேட்டரோடு மாற்றப்படுபவர், எல்லோரும் அங்கேதான். கடைசி நேரத்தில் அனுப்பிவிட்டு 'ஜி.எச்.-ல செத்துட்டாரு' என்று எழுதிக்கொள்கிறார்கள் என்பது அரசு டாக்டர்களின் நெடுநாள் ஆதங்கம். ரெண்டு மருத்துவமனைகளின் இறப்பு எண்ணிக்கையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

கொரோனா காலத்தில் இது எல்லோருக்கும் தெரிந்தது. முதல் அலையில் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைதான் சுற்றுவட்ட மாவட்டங்களின் கொரோனா மருத்துவமனை. 2021 மே மாதக் கடைசியில் தினசரி தொற்றில் சென்னையைக் கோவை தாண்டியபோது, முதல்வர் மு.க.ஸ்டாலின் கவச உடை அணிந்து உள்ளே போய் நோயாளிகளைப் பார்த்ததும் அதே இ.எஸ்.ஐ.-யில்தான். அந்த நாட்களில் கார் வைத்திருந்தவர்களும் அரசுப் படுக்கைக்காகப் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள். தனியாருக்கு அரசு 2020 ஜூனிலேயே உச்சக் கட்டணம் விதித்திருந்தது: தீவிர சிகிச்சைக்கு ஒரு நாளுக்கு 15,000 ரூபாய், மற்றவர்களுக்கு மருத்துவமனையின் தரத்தைப் பொறுத்து 5,000 முதல் 7,500 ரூபாய் வரை. அரசு நினைத்தால் விலையை நிர்ணயிக்க முடியும் என்று அப்போது தெரிந்தது. பிறகு அந்தப் பேச்சே இல்லை.

காப்பீட்டு அட்டை இருந்தால் போதுமா?

தமிழ்நாடு இந்த ரெண்டு உலகத்துக்கும் நடுவில் ஒரு பாலம் கட்டியது. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012 ஜனவரியில் இருந்து முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்த பிறகு, ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்பு இது 72,000 ரூபாயாக இருந்தது. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் சிகிச்சை எடுக்கலாம், அரசு மருத்துவமனையிலும் எடுக்கலாம். பலருக்குத் தெரியாத விஷயம்: அரசு மருத்துவமனையில் இந்த அட்டையில் சிகிச்சை எடுத்தால் அந்தக் காப்பீட்டுப் பணம் அந்த மருத்துவமனைக்குப் போகும். கருவி வாங்கவும், ஊழியர்களுக்கு ஊக்கத்தொகை கொடுக்கவும் அது உதவும். 'ஃப்ரீ ஆஸ்பத்திரியில எதுக்கு கார்டு' என்று பையிலேயே வைத்திருப்பது மருத்துவமனைக்குத்தான் நஷ்டம்.

திட்டத்தின் ஓட்டை, புறநோயாளிச் செலவு. படுத்தால்தான் காப்பீடு. சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, மாதாமாதம் டெஸ்ட், மூட்டு வலி என்று குடும்பத்தை மெல்ல மெல்ல அரிக்கும் செலவுகள் இதில் வராது. அந்த இடத்தில்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வருகிறது. பிரஷர், சர்க்கரை நோயாளிகளுக்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. 2024-ல் ஐ.நா. அமைப்பின் விருதும் இதற்குக் கிடைத்தது. எந்தத் தனியார் மருத்துவமனையும் இந்த வேலையைச் செய்யாது. நோயாளி ஆஸ்பத்திரிக்கு வராமல் இருப்பதில் அதற்கு என்ன வருமானம்?

பெரிய ஓட்டை வேறு. மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் சம்பாதித்தால் சட்டப்படி முதலமைச்சர் காப்பீட்டில் இடம் இல்லை. சரி, இ.எஸ்.ஐ. இருக்கிறதே என்றால், அதற்குக் குறைந்தது 10 பேர் வேலை செய்யும் நிறுவனமாக இருக்க வேண்டும், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இப்போது கொங்கு மண்டலத்தின் பொருளாதாரத்தை நினைத்துப் பாருங்கள். ஆறு பேர் வேலை செய்யும் லேத் பட்டறை. எட்டுத் தறி ஓடும் ஷெட், அதில் முதலாளியே ஒரு தறி ஓட்டுவார். திருப்பூரில் பீஸ் ரேட்டுக்கு டைலர், செக்கிங், அயர்னிங். சொந்தமாக ஒரு டாடா ஏஸ். இவர்கள் ஏழைகள் பட்டியலிலும் இல்லை, இன்சூரன்ஸ் வாங்கும் பட்டியலிலும் இல்லை. நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கை, இப்படி நடுவில் விடுபட்டவர்கள் மக்கள்தொகையில் சுமார் 30 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட 40 கோடிப் பேர் என்றது. சிறுதொழில் ஊரான கோவையில் அந்த வகை ஆட்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. நகைக்கடன் கடைகளின் வாசலில் நின்றால் போதும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தமிழ்நாட்டில் இ.எஸ்.ஐ. முதன்முதலில் தொடங்கப்பட்ட ஊரே கோவைதான், 1955-ல். மில் தொழிலாளர்களுக்காக வந்தது. 20,000 ரூபாய் சம்பளத்தில் தொழிலாளியிடம் பிடிப்பது 0.75 சதவீதம், அதாவது 150 ரூபாய். முதலாளி கட்டுவது 3.25 சதவீதம், 650 ரூபாய். மாதம் 800 ரூபாயில் குடும்பத்துக்கே சிகிச்சை, சிகிச்சைச் செலவுக்கு உச்சவரம்பும் இல்லை. இந்த விலைக்கு எந்தத் தனியார் இன்சூரன்ஸ் கம்பெனியும் வயதான அப்பா அம்மாவைச் சேர்த்துக்கொண்டு பாலிசி தராது. ஆனால் பெரிய மில்கள் ஒவ்வொன்றாக மூடி, வேலை சின்னச் சின்னப் பட்டறைகளுக்குப் பிரிந்து போன பிறகு, இந்தக் குடைக்குள் நிற்பவர்கள் குறைந்துபோனார்கள். பதிவு செய்யவேண்டிய நிறுவனங்களிலும் 'காண்ட்ராக்ட் ஆள்' என்று சொல்லிப் பெயரே சேர்க்காமல் விடுவது நடக்கிறது.

அரசு ஊழியர்கள் எங்கே போகிறார்கள் என்பதும் சுவாரசியமான கேள்வி. 2021 ஜூலையில் தொடங்கிய அவர்களுக்கான தனிக் காப்பீட்டுத் திட்டம், மாதம் 300 ரூபாய் பிடித்தத்தில் 5 லட்சம் ரூபாய் வரை, குறிப்பிட்ட சில சிகிச்சைகளுக்கு 10 லட்சம் ரூபாய் வரை, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளில் சிகிச்சை எடுக்க வழி செய்தது. அரசு மருத்துவமனையை நடத்துபவர்களே அதில் படுக்கத் தயாராக இல்லை என்றால், வரிசையில் நிற்பவருக்காகக் குரல் கொடுக்க யார் மிச்சம்?

ஐ.டி. கம்பெனி கார்டு வைத்திருப்பவர்களுக்கு

சரவணம்பட்டியிலோ கீரணத்தத்திலோ வேலை பார்ப்பவர்களுக்கு இதெல்லாம் வேறு யாருடைய பிரச்சினையோ மாதிரி தோன்றலாம். கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கிறதே. ஆனால் அது வேலை இருக்கும்வரைதான். லே-ஆஃப் மெயில் வந்த பிறகு பாலிசி எடுக்கப் போனால், அப்பாவின் சர்க்கரைக்கு 'காத்திருப்புக் காலம்' என்பார்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் இதை அதிகபட்சம் 3 ஆண்டு என்று குறைத்தது. கேஷ்லெஸ் கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள் முன் அனுமதி, டிஸ்சார்ஜ் ஒப்புதல் 3 மணி நேரத்துக்குள் என்றும் சொன்னது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ பாலிசிகளுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. இல்லை. அதனால் கம்பெனி கார்டு இருந்தாலும், பெற்றோருக்கு அறுபது வயது ஆவதற்குள் தனியாக ஒரு பாலிசி எடுத்து வைப்பது புத்திசாலித்தனம்.

விலை விஷயத்திலும் ஒரு சேதி. மாரடைப்புக்கு வைக்கும் ஸ்டென்ட், 2017 பிப்ரவரிக்கு முன்பு ஒரு லட்ச ரூபாயைத் தாண்டி விற்றது. தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் தலையிட்டு மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மூட்டு மாற்று உபகரணங்களுக்கும். ஆனால் பில்லில் ஸ்டென்ட் என்பது ஒரு வரிதான். அறை வாடகை, டாக்டர் கட்டணம், கேத் லேப், 'கன்ஸ்யூமபிள்ஸ்' எல்லாம் மருத்துவமனையின் இஷ்டம். தமிழ்நாட்டின் தனியார் மருத்துவமனைகள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-ல் வந்தது. அதற்கான விதிகள் வர 2018 ஆனது. பதிவு செய், குறைந்தபட்ச வசதி வை என்கிறது அது. எவ்வளவு வாங்கலாம் என்பதில் கைவைப்பதில்லை. ஒரு ஓட்டலில் இட்லி விலை போர்டில் இருக்கிறது. அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனுக்கு இல்லை.

விலையை எப்படி இறக்கலாம் என்பதற்கு அரசிடமே நல்ல உதாரணம் உண்டு. 1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக டெண்டர் விட்டு, தரப் பரிசோதனை செய்து வாங்குகிறது. பல மாநிலங்கள் இதைப் பார்த்துக் காப்பியடித்தன. அரசு மருத்துவமனைகளில் அதே கழகம் நடத்தும் ஸ்கேன் மையங்களில் சி.டி. ஸ்கேன் 500 ரூபாய், எம்.ஆர்.ஐ. 2,500 ரூபாய் என்ற அளவில்தான் எடுக்கப்பட்டு வருகிறது. வெளியே இதன் விலை என்ன என்று எடுத்தவர்களுக்குத் தெரியும்.

ரெண்டும் சேர்ந்தபோது என்ன நடந்தது?

இந்தச் சண்டையில் கோவைக்கு ஒரு பெருமையான அத்தியாயம் இருக்கிறது, ஊரிலேயே பலருக்குத் தெரியாது. மாரடைப்பில் ரத்தக்குழாய் முழுக்க அடைபடும் வகைக்கு நேரம்தான் உயிர். கே.எம்.சி.எச்.-ஐச் சேர்ந்த இதய மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டர், சென்னையின் அஜித் முல்லசாரி உள்ளிட்டோர் ஒரு முறையை வடிவமைத்தார்கள். சின்ன மருத்துவமனைகளை, ஆஞ்சியோபிளாஸ்டி வசதி உள்ள பெரிய மருத்துவமனையோடு இணைப்பது. ஊர்ப்பக்க மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுத்து உடனே அனுப்புவது, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அங்கேயே போடுவது, பிறகு 108-ல் ஏற்றிப் பெரிய மருத்துவமனைக்கு. செலவுக்கு அரசுக் காப்பீடு.

2012 முதல் 2014 வரை தமிழ்நாட்டில் நான்கு தொகுப்புகளாக, 2,420 நோயாளிகளிடம் இது சோதிக்கப்பட்டது. முடிவு 2017-ல் 'ஜாமா கார்டியாலஜி' இதழில் வந்தது. ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்தில் இருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். நூறு பேரில் மூன்று பேருக்கு மேல் கூடுதலாகப் பிழைத்தார்கள். புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை. அரசின் ஆம்புலன்ஸ், அரசின் காப்பீடு, தனியாரின் கேத் லேப் எல்லாம் ஒரே கயிற்றில் கோர்க்கப்பட்டன, அவ்வளவுதான். 2023-ல் தமிழ்நாடு அரசு 'இதயம் காப்போம்' என்று ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் டோஸ் மாத்திரைகளை வைத்ததும் இதே பாதையில் இன்னொரு படி.

2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டமும் இந்த வகை. தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்டவர் யாராக இருந்தாலும், பட்டியலில் உள்ள அருகிலுள்ள மருத்துவமனையில் முதல் 48 மணி நேர சிகிச்சையை அரசு ஏற்கும். அட்டை, வருமானம், மாநிலம் எதுவும் கேட்கக் கூடாது. அதற்கும் முன்பே, 1989-ல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: உயிருக்குப் போராடுபவரை முதலில் காப்பாற்ற வேண்டியது அரசு டாக்டர், தனியார் டாக்டர் எல்லோருக்குமே கடமை. அட்வான்ஸ் கட்டினால்தான் தொடுவோம் என்பதற்கு இடமே இல்லை.

மூன்றாவது வழியும் உண்டு. 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு டாக்டர் ஜி.வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை 1997-ல் கோவைக்கு வந்தது. காசு கொடுப்பவரிடம் வாங்கி, கொடுக்க முடியாதவருக்கும் அதே டாக்டர்கள் ஆபரேஷன் செய்வது அதன் முறை. லென்ஸ் விலை அதிகம் என்றதும் 1992-ல் சொந்தமாக லென்ஸ் தயாரிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் கண்புரை என்பது ஒரே மாதிரியான, அரைமணி நேரத்துக்குள் முடியும் ஆபரேஷன். புற்றுநோய்க்கும் வெண்டிலேட்டருக்கும் இதே சூத்திரம் அப்படியே பொருந்தும் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

வெளியே பார்த்தால், 2001-ல் தாய்லாந்து '30 பாட்' திட்டத்தைக் கொண்டுவந்தது. ஒருமுறை போனால் 30 பாட், மீதியை அரசு பார்த்துக்கொள்ளும். அங்கே ஏழைகளுக்கு மட்டும் என்று கோடு போடவில்லை, வேறு திட்டத்தில் இல்லாத எல்லோரையும் சேர்த்தார்கள். தறிக்காரரும் லேத்காரரும் உள்ளே வந்துவிட்டார்கள். இலங்கையில் அரசு மருத்துவமனை எல்லோருக்கும் இலவசம். அங்கேயும் சாயங்காலம் அதே டாக்டரைத் தனியாரில் 'சேனல்' பண்ணிப் பார்ப்பது சகஜம். மனிதர்களுக்கு வரிசை பிடிக்காது என்பது கோவைக்கு மட்டும் உரிய குணம் இல்லை போல.

சரி, என்ன கேட்க வேண்டும்?

'பிரைவேட்டை மூடு' என்பதும் 'ஜி.எச்.-ஐ பிரைவேட்டிடம் கொடு' என்பதும் மேடைப் பேச்சுக்கு நன்றாக இருக்கும். கோவைக்காரர் அரசிடம் கேட்க வேண்டியது அதைவிடச் சின்னது, அதைவிடக் கஷ்டமானது. ஷிஃப்ட் முடிந்து வருபவருக்காக, எல்லாத் தாலுகா அரசு மருத்துவமனைகளிலும் சிறப்பு மருத்துவரோடு சாயங்கால ஓ.பி. ஒவ்வொரு தனியார் மருத்துவமனையின் வாசலிலும் ஐம்பது பொதுவான சிகிச்சைகளுக்காவது தமிழில் கட்டணப் பட்டியல், கூடவே அந்த மருத்துவமனையின் சிசேரியன் சதவீதம். மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் சம்பாதிக்கும் பட்டறைக்காரர் ஒரு நியாயமான தொகையைக் கட்டி முதலமைச்சர் காப்பீட்டில் சேர ஒரு வழி. மூன்றாவதுதான் அவசரம். பணம் கட்டத் தயாராக இருப்பவரைச் சேர்த்துக்கொள்வதில் அரசுக்கு என்ன தயக்கம் என்று தேர்தல் நேரத்தில் ஓட்டுக் கேட்டு வருபவர்களிடம் கேட்கலாம்.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியவை சில உண்டு. தகுதி இருந்தால், கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டோடு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்தில் அட்டையைப் பதிந்துவிடுங்கள், நோய் வந்த பிறகு ஓடாதீர்கள். எந்த மருத்துவமனை எந்த சிகிச்சைக்குப் பட்டியலில் இருக்கிறது என்பதை 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். ஒரே மருத்துவமனை இதயத்துக்குப் பட்டியலில் இருக்கும், எலும்புக்கு இருக்காது. தனியாரில் சேர்க்கும்போது 'எஸ்டிமேட்' எழுத்தில் கேளுங்கள், தினமும் பில் நிலவரம் கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கடைசியாக, நெஞ்சு வலி என்றால் கார் சாவியைத் தேடாமல் 108-க்குப் போன் போடுங்கள். ஜி.எச்.-ஆ பிரைவேட்டா என்ற சண்டையை ஆம்புலன்ஸ் கிளம்பிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.